குருவித்திட்டில் கேட்ட பெயர்

இது நடந்தது. யாரோ சொல்லக் கேட்டது இல்லை. நான் அங்கே நின்றிருந்தேன்.

நம்பாதவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் சாப்பிட்டுவிட்டு நிழலில் கால் நீட்டிப் படுத்திருப்பவர்கள். அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. பேய் என்றால் இருட்டில்தான் வரும், நாய் ஊளையிடும், மல்லிகை மணக்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு பேயையும் பார்த்ததில்லை. நான் பார்த்தது சித்திரை மாதத்து உச்சிப் பொழுதில். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. மணல் கண்ணைக் குத்தியது.

என் பெயர் தருமலிங்கம். எளாவூர்ப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம். எனக்கு ஏர் பிடிக்க வரவில்லை, பாஷை வந்தது. பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்களுக்கு, டச்சுக்காரர்கள் என்கிறார்களே அவர்களுக்கு, துபாஷியாக இருந்தேன். அவர்கள் சொல்வதைத் தமிழில் சொல்வேன். இவர்கள் சொல்வதை அவர்கள் பாஷையில் சொல்வேன். இரண்டு பக்கத்து முட்டாள்தனமும் என் வாய் வழியாகத்தான் போய் வந்தது.

அந்த வருஷம் அவர்கள் தலைமைப் பட்டணமான பத்தாவியாவிலிருந்து கப்பலில் கோர்னேலிஸ் என்று ஒரு துரை வந்து இறங்கினார். துணி வாங்க வரவில்லை. சிப்பாயும் இல்லை, பாதிரியும் இல்லை. சித்திரங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவராம். இந்தப் படத்தை யார் வரைந்தது, எந்த வருஷம், எங்கே உட்கார்ந்து, யாரைப் பார்த்து வரைந்தான்... இதையெல்லாம் கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். அப்படியும் ஒரு தொழில் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். ஊர் ஜனங்கள் அவருக்குக் கேள்வித்துரை என்று பெயர் வைத்தார்கள்.

அவர் தேடி வந்தது லூக்காஸ் என்ற சித்திரக்காரனின் படங்களை. லூக்காஸ் இருபது வருஷத்துக்கு முன்னால் கோட்டையில் இருந்தவன். காய்ச்சலில் செத்து, கோட்டைக்கு வெளியே கல்லறைத் தோட்டத்தில் கிடந்தான். அவன் வரைந்த படங்கள் கோட்டைச் சுவரில் தொங்கின. எல்லாம் தொப்பி வைத்த கனவான்கள், அவர்களுடைய பெண்சாதிகள், அவர்களுடைய நாய்கள். நாய்கள் மட்டும் பார்க்கும்படி இருந்தன.

ஒரு படம் மட்டும் வேறு.

கையகலத்துக்குக் கொஞ்சம் பெரிய பலகை. அதில் ஏரி. ஒரு மணல்திட்டு. மூன்று பனைமரம். தண்ணீர் ஓரத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். மீன்பிடிக்கிற வீட்டுப் பெண் கட்டுகிற மாதிரி சேலைக் கட்டு. முதுகோடு ஒட்டினாற்போல் ஒரு கோல், மணலில் ஊன்றியது. இடுப்பில் ஒரு கோடு. அவள் நிழல் நீளமாகத் தண்ணீர் மேல் விழுந்திருந்தது.

கேள்வித்துரைக்கு அந்தப் படத்தின் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது.

அவர் வேலை செய்ததை நான் பார்த்தேன். பலகையின் பின்பக்கத்தை முகர்ந்தார். தச்சன் வைத்த குறி இருக்கிறதா என்று தடவினார். ஓரத்தில் ஈரத்துணியால் துடைத்து லூக்காஸின் கையெழுத்தைக் கண்டுபிடித்தார். கனவான்களின் விரலையும் இந்தப் பெண்ணின் விரலையும் மாற்றி மாற்றிப் பார்த்து, இரண்டும் ஒரே கை போட்டதுதான் என்றார். கோட்டைப் பாதிரியிடம் போய் லூக்காஸ் செத்த வருஷத்தைக் கேட்டு வந்தார். இதெல்லாம் கெட்டிக்காரத்தனம்தான். மறுக்கவில்லை. மரத்தையும் சாயத்தையும் அவருக்குப் பார்க்கத் தெரிந்தது. மனுஷர்களிடம் வந்தபோதுதான் வேடிக்கை.

"இவள் லூக்காஸின் காதலி" என்றார்.

"யார் சொன்னது, துரை?"

"யாரும் சொல்லவில்லை. இனிமேல் சொல்வார்கள். அதற்குத்தான் நீ இருக்கிறாய்."

பதிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கக் கிளம்பிய மனுஷன் அவர். சாராயப் பீப்பாயோடு கிளம்பினார். சுண்ணாம்புக்குளம் ஊரில் ஒருவன் இரண்டு குவளை குடித்துவிட்டு, அது என் அத்தை என்றான். மூன்றாவது குவளையில் அத்தை லூக்காஸோடு கைகோத்துக்கொண்டு நடந்தாள். துரை எழுதிக்கொண்டார். இன்னொருவன், எனக்குத் தெரியாது துரை, நான் பார்த்ததில்லை என்றான். உண்மை சொன்னவன் அவன் ஒருவன்தான். அவனுக்குச் சாராயம் இல்லை.

தோணிரேவுக் குப்பத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏரிக்கரையில் இறால் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் துரை பலகையை நீட்டினார். நாற்பது வயது இருக்கும். மற்றவர்கள் அவளை இறால்காரம்மா என்றார்கள். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பலகையை வாங்கினாள். பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு படம் மணலைப் பார்க்கும்படி அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"இவ யாருன்னு தெரியுமா?" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"துரைக்குப் பேரு வேணுமாம்."

"வேணாம்னு சொல்லுங்க."

அவ்வளவுதான். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். துரை என்ன எழுதினார் தெரியுமா? இந்தக் கரைப் பெண்கள் வெட்கப்படுகிறவர்கள் என்று எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த முகத்தில் இருந்தது வெட்கம் என்றால், தீக்கங்கும் செம்பருத்திப் பூதான்.

வாயால் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததும் துரை வேறு வழி பார்த்தார். லூக்காஸ் உட்கார்ந்து வரைந்த இடத்தையே கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பனை, பின்னால் தெரிகிற கரை, எல்லாவற்றையும் நேரில் ஒத்துப் பார்க்க வேண்டும்.

தோணிரேவுத் தேசப்பனின் தோணியைக் கோட்டையிலிருந்து ஆள் விட்டு வரவழைத்தார்கள். தேசப்பன் படத்தைப் பார்த்ததும், "குருவித்திட்டு" என்றான். அதற்கு மேல் பேசவில்லை. கோட்டை கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னான்.

"உச்சிக்கு முன்ன திரும்பிடணும் துபாஷியாரே. அத மட்டும் துரைகிட்ட சொல்லிடுங்க."

சொன்னேன். துரை தலையாட்டினார். என் தகப்பன் வீட்டு எருமையும் அப்படித்தான் தலையாட்டும்.

விடிந்ததும் கிளம்பினோம். ஏரியில் தண்ணீர் குறைவு. தேசப்பன் கோல் ஊன்றித் தள்ளினான். குருவித்திட்டு சின்ன மணல்மேடு. மூன்று பனையில் ஒன்று மொட்டையாகியிருந்தது. மற்றபடி படத்தில் இருந்தபடியே இருந்தது. துரை குழந்தை மாதிரி குதித்தார். இங்கே நின்று பார்த்தார், அங்கே நின்று பார்த்தார். முழங்கால் போட்டார். தானும் ஒரு படம் வரைய ஆரம்பித்தார்.

வெயில் ஏறியது.

"போலாம்" என்றான் தேசப்பன்.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றார் துரை.

தேசப்பன் தோணிக்குள் போய், திட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். அதை இப்போதும் ஒளிக்கவில்லை.

முதலில் நான் கவனித்தது பறவைகளை. திட்டின் முனையில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். எல்லாம் திரும்பியிருந்தன. ஒன்று விடாமல். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. பறக்கவும் இல்லை.

அப்புறம் தண்ணீர். ஏரித் தண்ணீர் கரையில் சின்னதாக அடித்துக்கொண்டே இருக்கும். சளக்... சளக்... காதுக்குப் பழகிப்போன சத்தம். அது நின்றபோதுதான் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

என் நிழலைப் பார்த்தேன். காலடிக்குள் சுருண்டிருந்தது. உச்சி.

பிறகு ஒரு சத்தம்.

கிர்ர்...

கயிறு. கோலில் கட்டிய கயிறு இழுபடுகிற சத்தம். தோணியைப் பார்த்தேன். அதைக் கட்டவே இல்லை. மணலில் ஏறி நின்றது.

கிர்ர்... கிர்ர்...

"துரை, போகலாம்" என்றேன்.

துரை பலகையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "சரியாக இருக்கிறது! கரை சரி. மரம் சரி. அந்தப் பெண் ஒருத்திதான் இல்லை" என்றார்.

பலகையைக் கீழே இறக்கினார்.

அவள் நின்றிருந்தாள்.

தண்ணீர் ஓரத்தில். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இருபது முப்பது அடி தூரம் இருக்கும். நடந்து வரவில்லை. மணலில் எங்கள் காலடி தவிர வேறு தடம் இல்லை.

துரைக்குச் சந்தோஷம். அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அந்த மனுஷன் சந்தோஷப்பட்டார்!

"அப்படியே நிற்கச் சொல்! அசையக் கூடாது என்று சொல்!"

அசையக் கூடாதாம். அவள் மூச்சு விடுகிற அசைவுகூட இல்லை. நான் பார்த்தது அவள் நிழலை. எங்கள் நிழல் காலடியில் கிடக்கிறது. அவள் நிழல் நீளமாக... தண்ணீர் மேல்... பனைமர உயரத்துக்கு.

அவள் குதிகாலைப் பார்த்தேன். குதிகால் மணலைத் தொடவில்லை. விரல் நுனி மட்டும் தொட்டது. தொங்குகிற மாதிரி.

"பெயர் கேள்" என்றார் துரை.

நான் தேசப்பனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் தோளைக் குத்தினார். "உனக்கு அதற்குத்தானே சம்பளம்? கேள்!"

"அம்மா..." என்றேன். "உன் பேரு இன்னாம்மா?"



கிர்ர்...

பிறகு பதில் வந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து வரவில்லை. என் பிடரிக்குப் பின்னால். மூச்சு படுகிற தூரத்தில். ஒவ்வொரு எழுத்தாக. கல்லைத் தூக்கி வைக்கிற மாதிரி.

"செல்..."

"வம்..."

"மா..."

"என்ன சொன்னாள்?" என்றார் துரை.

"செல்வம்மா" என்றேன்.

"என்ன? மறுபடி சொல்."

"செல்வம்மா!"

"சத்தமாகச் சொல். சரியாக எழுத வேண்டும்."

"செல்வம்மா!" என்று கத்தினேன். என் குரல் தண்ணீர் மேல் போயிற்று. திரும்பி வரவில்லை.

துரை எழுதினார். பிறகு, முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். லூக்காஸ் ஏன் முகத்தை வரையவில்லை என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். நடந்தார்.

நான் நின்ற இடத்தில் நின்றேன்.

அவர் அவளுக்கு இடப்பக்கம் போனார். நின்றார். வலப்பக்கம் போனார். பிறகு தண்ணீரில் இறங்கி, அவளுக்கு முன்னால் போய், என்னைப் பார்க்கிற மாதிரி நின்றார். அவள் எங்கள் இருவருக்கும் நடுவில். எனக்கு முதுகு தெரிந்தது. அவருக்கு முகம் தெரிய வேண்டும்.

அவர் முகம் மாறியது.

"தருமலிங்கம்..."

"துரை?"

"இங்கேயும் முதுகுதான்."

ஓடினார். அவளைச் சுற்றி ஓடினார். தண்ணீர் தெறித்தது. தெறிக்கிற சத்தம் கேட்கவில்லை.

"முதுகு... முதுகு..."

நின்றார். கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று தமிழில் கத்தினேன். பாஷை மறந்துவிட்டது.

அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

கயிற்றுச் சத்தம் நின்றது.

அவள் இல்லை.

துரை முழங்கால் தண்ணீரில், கையை நீட்டியபடி நின்றார். தேசப்பன் தோணியிலிருந்து குதித்து வந்தான். அப்போதும் திட்டைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தே ஓடி வந்தான். இரண்டு பேருமாக அவரைத் தூக்கித் தோணியில் போட்டோம். பலகையையும் அவர் மேலே எறிந்தேன். பாதி தூரம் வந்ததும் சளக் சளக் என்று தண்ணீர்ச் சத்தம் திரும்ப வந்தது. அப்போதுதான் தேசப்பன் பேசினான்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கோலும் இருந்துச்சா?"

யோசித்தேன். இருந்தது. அவள் முதுகோடு ஒட்டினாற்போல்.

"அது தோணிக் கோலு இல்ல" என்றான். "என்னைப் பெத்த நைனாதான் லூக்காஸ் துரைக்குத் தோணி தள்ளினாரு. ஐப்பசிப் புயல் அடிச்சு ஓஞ்ச மறுநாள். பொணம் ஒண்ணு இந்தத் திட்டுல ஒதுங்கிக் கெடந்துச்சு. துரைக்கு ரொம்ப நாளா எங்க பொம்பளைங்களை வரையணும்னு ஆசை. உசிரோட எவளும் போய் நிக்கல. அதனால..."

கோலை ஊன்றினான்.

"அதனால இதை நிக்க வெச்சாரு. கோலை நட்டு, இடுப்புலயும் கக்கத்துலயும் கயிறு குடுத்து. மூஞ்சிய மீன் தின்னுருந்துச்சு. அதான் அந்தப் பக்கம் திருப்பி வெச்சாரு. வரைஞ்சு முடிச்சதும் அவுத்துத் தண்ணில விட்டுட்டாங்க. அவங்க வீட்டு ஜனம் அக்கரையில பொணத்தைத் தேடினு இருந்தாங்க. நைனாவ வாயைத் தொறக்கக் கூடாதுன்னு மிரட்டிட்டாரு. நைனா சாவறப்பதான் எங்கிட்ட சொன்னாரு."

கேள்வித்துரை படத்தில் நீளமான நிழலைப் பார்த்து மாலை நேரம் என்று கணித்தது சரி. கோலைத் தோணிக்கோல் என்றார். இடுப்பில் இருந்த அந்தக் கோடு ஒட்டியாணம் என்றார். கண்ணால் பார்த்தது எல்லாம் சரி, அர்த்தம் எல்லாம் தப்பு.

துரை நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தார். காய்ச்சல் விட்டது. ஆனால் அவளைத் தொட்ட வலது கை சரியாகவில்லை. விரல்கள் ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறின மாதிரி வெளுத்துச் சுருங்கிக் கிடந்தன. துடைத்தால் காயும். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஈரம். வைத்தியர் நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு என்றார்.

தேசப்பன் சொன்னதை நான் அவரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பயப்படுவார் என்று நினைத்தேன். வெட்கப்படுவார் என்றுகூட நினைத்தேன்.

"யார் சொன்னது?"

"தோணி தள்ளுகிறவன், துரை. அவன் தகப்பன் பக்கத்திலிருந்து பார்த்தவன்."

"எழுத்தில் இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால் அது வதந்தி."

"நாம் பார்த்தோமே, துரை?"

"வெயில்" என்றார்.

அந்த ஈரக் கையாலேயே எழுதினார். காகிதத்தில் மை ஊறிப் பரவியது. வேறு காகிதம் எடுத்தார். லூக்காஸின் காதலியான மீனவப் பெண், ஒரு மாலையில் அவனுக்காக மகிழ்ச்சியோடு நின்றாள் என்று எழுதினார். ஆனால் அவளுடைய பெயரை மட்டும் விடவில்லை! பார்த்ததெல்லாம் வெயில், கேட்ட பெயர் மட்டும் ஆதாரம். சிரிப்பதா காறித் துப்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த கப்பலில் படத்தோடு ஏறிப் போய்விட்டார். கரையில் நின்று நான் கையசைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தோணிரேவுக்குப் போனேன். இறால்காரம்மா கரையில் இருந்தாள். காலை வெயில். படத்தை அவள் கவிழ்த்து வைத்த விதம் என் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

"அவங்க உனக்கு இன்னா வேணும்?" என்றேன்.

"தங்கச்சி."

"துரை போயிட்டாரு. படமும் போயிடுச்சு. ஆனா நீ வேணாம்னு சொன்ன பேரு அவருக்குக் கெடச்சிடுச்சு. எழுதினு போயிட்டாரு. அதை உங்கிட்ட சொல்லணும்னு வந்தேன்."

"யாரு குடுத்தது?"

"திட்டுல... அவங்களே சொன்னாங்க. என் காதுல கேட்டுச்சு."

அவள் இறாலைப் புரட்டுவதை நிறுத்தினாள்.

"பேசினாளா?"

"ஆமா."

"என் தங்கச்சி பொறவி ஊமைங்க" என்றாள். "ஒரு வார்த்தை பேசினதில்ல. எங்க அம்மாவக்கூட கூப்ட்டதில்ல."

வெயில் முதுகில் அடிக்கிறது, எனக்குக் குளிர்கிறது.

"இன்னா பேரு சொன்னா?"

"செல்வம்மா."

அவள் என்னைப் பார்த்தாள்.

"அவ பேரு திரௌபதி" என்றாள். "செல்வம்மா நான்."

அவள் ஏரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவ என்னைத்தான் கூப்ட்டிருக்கா. அந்த ஊமைக்காக யாராச்சும் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னீங்களா?"

"நான்... அந்தப் பேரைச் சொன்னேன். துரை எழுதறதுக்காக."

"எத்தினி தபா?"

"மூணு தபா."

அவள் காயாத இறாலை அப்படியே அள்ளிக் கூடையில் போட்டாள். எழுந்து வீட்டுக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆடி மாதம் தேசப்பன் கோட்டைக்கு மீன் கொண்டு வந்தபோது சொன்னான். தோணிரேவில் இப்போது வீட்டு ஜனம்கூட இறால்காரம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம். உள்ளே போட்டுப் பூட்டி வைக்கிறார்களாம். இரண்டு தரம் ஏரிக்குள் நடந்து போய்விட்டாள். கழுத்தளவு தண்ணீரில் பிடித்து இழுத்து வந்தார்கள். ஏன் போனாய் என்று கேட்டால், "கூப்ட்டாங்க, போனேன்" என்கிறாளாம்.

இரண்டு தரமும் உச்சிப் பொழுது. இரண்டு தரமும் கரையில் ஆட்கள் இருந்தார்கள்.

யாரும் கூப்பிடவில்லை.